நான்கு மழைக்கோட்டுகளும் ஒரு மயக்கமும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பட்டணத்துக்கு வெளியே, கித்தா என்னும் ரப்பர்க் காடாக இருந்து பின்னர் எண்ணெய்ப் பனையான செம்பனைக்கு மாறிய நிலத்தில், அப்பா விட்டுச்சென்ற 6 ஏக்கர் தோட்டம் எனக்கு இருக்கிறது. இருபத்திரண்டு ஆண்டுகள் நான் ஓர் எண்ணெய் ஆலையின் எடைமேடையில் கிராணியாக இருந்தவன். கொட்டும் மழையில் வந்து நிற்கும் குலை லோரிகளைக் கண்ணாடிச் சன்னலுக்குள் இருந்தபடி பார்த்துச் சீட்டு எழுதியவன். தோட்டத்தை இரண்டு வெளிநாட்டுத் தொழிலாளர்கள்தாம் பார்த்துக்கொண்டார்கள். 2020இல் கோவிட் வந்து எல்லைகள் மூடப்பட்டு, புதிதாக அயல்நாட்டுத் தொழிலாளர்களை எடுப்பதும் நிறுத்தப்பட்டபோது, ஊருக்குப் போயிருந்த அவர்களால் திரும்பி வர முடியவில்லை. 2021 அக்டோபரில் குலை விலை டன்னுக்கு ஏறக்குறைய ஆயிரம் வெள்ளியில் (ரிங்கிட்) நின்றது. நானோ வேலையிலிருந்து விலகி வீட்டில் இருந்தேன். மரத்தடியில் பழம் உதிர்ந்து கிடந்தது. ஐம்பத்து மூன்றாவது வயதில், அக்காள் மகனைத் துணைக்கு வைத்துக்கொண்டு, நானே குலை வெட்டப் போனேன். அடுத்த சில மாதங்களில் எனக்கு நேர்ந்த தொல்லைகளில் பெரும்பாலானவை அறுவாளாலும் முள்ளாலும் வந்தவையல்ல, நான் உடுத்தியிருந்த மழைக்கோட்டால் வந்தவை. வாங்குவதற்கு முன் யாராவது என்னை உட்காரவைத்துப் பத்து நிமிடம் பேசியிருந்தால் இவ்வளவு பணமும் போயிருக்காது, ஒரு நாள் காலையில் தன்னந்தனியாக மட்டைக் குவியலில் சாய்ந்து கிடந்திருக்கவும் மாட்டேன்.

மழை நிற்கும்வரை காத்திருக்கலாமே என்று பட்டணத்து உறவினர்கள் கேட்டார்கள். செம்பனை காத்திருக்காது. பத்து முதல் பதினைந்து நாளுக்கு ஒரு சுற்று வெட்டியாக வேண்டும்; தவறினால் குலை கனிந்து பழம் உதிர்கிறது, கொழுப்பு அமிலம் ஏறுகிறது, எடுப்பவர் எடையில் கழிக்கிறார். குலை எடுக்கும் லோரி எங்கள் பாதைக்குச் செவ்வாயும் வெள்ளியும் மட்டுமே வரும். விளைச்சல் மிகுதியாக இருக்கும் காலமும், இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட அக்டோபர், நவம்பர் மழைக்காலமும் எங்கள் பக்கத்தில் ஒன்றாக வந்து சேர்கின்றன. பிற்பகல் மழைக்கு முன்பே வேலையை முடித்துவிடலாம் என்று விடியற்காலையிலேயே போனாலும், முந்தின இரவு பெய்த நீர் மட்டைகளில் தங்கி முற்பகல்வரை சொட்டிக்கொண்டிருக்கும். ஒரு மட்டையை வெட்டினால் அதன் அடிக்கவட்டில் பல நாளாகத் தேங்கி, இலைச் சருகும் எறும்பும் ஊறிய கறுப்புத் தண்ணீர் மொத்தமாக முகத்தின்மேல் இறங்கும். ஆகவே மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் செம்பனைக் காட்டில் நனையாமல் வேலை செய்ய வழியில்லை.

முதலில் வாங்கியது மளிகைக் கடையில் 7 வெள்ளிக்குத் தொங்கிய மெல்லிய பிளாஸ்டிக் கோட்டு. அது ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. செம்பனை மட்டையின் காம்பு நெடுக முள். வெட்டிய மட்டையை இழுத்து அடுக்குவதற்குள் கோட்டின் கை இரண்டும் கிழிந்து நாடாவாகத் தொங்கின. அதே வாரத்தில் மருமகன் எங்கிருந்தோ ஒரு போர்வைக்கோட்டைக் கொண்டுவந்தான், தலை நுழைய ஓட்டை மட்டும் வைத்துத் தொளதொளவென்று தொங்குமே, அந்த வகை. தோட்டப் பாதையில் மோட்டாரில் போகும்போது அதன் பின்தொங்கல் சங்கிலியில் சிக்கி அவனைப் பின்னுக்கு இழுத்தது. மெதுவாகப் போனதால் முழங்கையில் சிராய்ப்போடு தப்பினான். மோட்டாரோ புல்வெட்டும் இயந்திரமோ சுழலும் இடத்தில் தொங்கும் மழை உடை எதுவும் கூடாது என்பதில் அன்றிலிருந்து எனக்கு இரண்டாம் எண்ணம் கிடையாது. நடந்துபோய் வருபவருக்கும் ஓரிடத்தில் நின்று காவல் பார்ப்பவருக்கும் போர்வைக்கோட்டு நல்லதுதான், காற்று தாராளமாக உள்ளே போய்வரும். எங்கள் வேலைக்குத்தான் ஒத்துவராது.

இரண்டாவது கோட்டுதான் என்னைக் கீழே தள்ளியது. இரும்புக் கடையில் 38 வெள்ளிக்கு, மேல்கோட்டும் கால்சட்டையுமாக, மஞ்சள் நிறத்தில், தடித்த பிவிசி ஜோடி. கடைக்காரர் அதன்மேல் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிக் காட்டினார். ஒரு சொட்டும் உள்ளே இறங்கவில்லை. தையல் இருக்கும் இடங்களைச் சூட்டால் உருக்கி ஒட்டியிருந்தார்கள், அதையும் விரலால் தடவிப் பார்த்து மெச்சிக்கொண்டேன். வீட்டில் சமையல் தராசில் வைத்துப் பார்த்தபோது ஜோடி 1 கிலோ 400 கிராம் இருந்தது. எடைமேடைக்காரனுக்கு அந்தப் பழக்கம் போவதில்லை. கனமாக இருக்கிறது, ஆகவே உறுதியாக இருக்கும் என்று எண்ணினேனே தவிர, அவ்வளவு கனமான ஒன்றுக்குள் அடைபட்டுக்கொண்டு, நுனியில் அறுவாள் கட்டிய முப்பது அடிக் கழியைத் தூக்கி இழுக்கும் உடம்பு என்ன ஆகும் என்ற கேள்வி எழவேயில்லை.

அன்று மருமகன் வரவில்லை. ஏழரை மணிக்கு ஆரம்பித்தேன். எட்டு மணிக்குத் தூறல் பிடித்தது, பெரிய மழையில்லை, வெக்கையும் குறையவில்லை. கழுத்துவரை பொத்தானைப் போட்டு, குல்லாவை இறுக்கி, கால்சட்டையைப் பூட்சுக்கு வெளியே விட்டுக் கட்டிக்கொண்டு, வரிசையாக மரம் மரமாகப் போனேன். பத்து மணி இருக்கும்போது கழியைச் சாய்த்துவிட்டுக் கையைத் தொங்கப்போட்டேன். சட்டைக் கையின் ஓரத்திலிருந்து தண்ணீர் ஒரு கோடாகக் கொட்டியது. கோட்டு ஒழுகிவிட்டது, இரும்புக் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைத்து அந்த நீரை நாக்கில் தொட்டுப் பார்த்தேன். உப்புக் கரித்தது. மழை ஒரு துளிகூட உள்ளே வரவில்லை, நனைந்திருந்ததெல்லாம் என் வியர்வை. பூட்சுக்குள் காலை அசைத்தால் அங்கும் சளசளவென்றது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். லோரி நாள் என்பதால் இன்னும் பத்து மரம் என்று தொடர்ந்தேன். ஐந்தாவது மரத்தில் தலை கனத்தது, குமட்டியது, கெண்டைக்கால் இரண்டும் இழுத்துக்கொண்டன. மட்டைக் குவியலில் உட்கார்ந்து பொத்தானைக் கழற்றப் பார்த்தேன், விரல் மடங்கிக்கொண்டு திறக்க வரவில்லை. குல்லாக் கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்து, கோட்டைப் பிய்த்து எறிந்தபின், மழை நேராக நெஞ்சில் விழுந்தபோதுதான் மூச்சு வந்தது. இரண்டரை மணி நேரத்துக்கு முன்பு எதற்கு அஞ்சிப் பொத்தான் போட்டேனோ அந்த மழைதான் என்னை எழுப்பி உட்காரவைத்தது. தொலைபேசி கோட்டின் உள்பையில் வியர்வையில் ஊறிச் செத்திருந்தது. கூப்பிட வழியில்லை. எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தேன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பயமாக இருந்தது, அழுகையும் வந்தது, அதை மறைப்பானேன்.

பாதைவரை தட்டுத்தடுமாறி வந்தபோது பக்கத்துத் தோட்டத்து அக்கா பார்த்துவிட்டார். அறுபதைத் தாண்டியவர், சிறு வயதிலிருந்து கித்தாப் பால் வெட்டியவர், இப்போது தம் மகனோடு நான்கு ஏக்கர் பார்க்கிறார். மகனின் வேனில் கிளினிக்குக் கூட்டிப்போனார். டாக்டர் வெப்பச் சோர்வு என்று சொல்லி, நரம்பில் நீர் ஏற்றி, இரண்டு நாள் படுக்கச் சொன்னார், 165 வெள்ளி. மழையில் வேலை செய்தவனுக்கு வெப்பச் சோர்வா என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன விளக்கம் எளிமையானது. உடம்பு வியர்வையை ஆவியாக்கித்தான் குளிர்கிறது, வியர்வை வெறுமனே வழிந்து ஓடினால் சூடு போகாது. காற்று நுழையாத உறைக்குள் அந்த ஆவியாதல் நின்றுவிடுகிறது, ஆனால் வேலை செய்யும் தசை சூட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சுற்றில் வெட்ட முடியாமல் கெட்டதும் உதிர்ந்ததுமாக ஏறக்குறைய 600 கிலோ போயிற்று, அன்றைய விலைக்கு 600 வெள்ளி. தொலைபேசியைப் பழுதுபார்க்க 220.

திரும்பும் வழியில் அக்கா, “மேலுக்கு மட்டும் போடுங்க தம்பி, காலு நனைஞ்சா நனையட்டும். மழத் தண்ணி நம்மள என்னா செஞ்சிரும்?” என்றார். நான் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் தலையில் ஒரு துணி, தோளில் பாதி உடம்புக்கு வெட்டிய பழைய கோட்டு, முழங்காலுக்குக் கீழே சேறு. பாட்டி காலத்தில் சாக்கை மூலைக்கு மூலை மடித்துக் கொங்காணி போட்டுக்கொண்டு, விடியற்காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு நின்றார்களே, அதையே பிளாஸ்டிக்கில் செய்தது போல எனக்குப் பட்டது. கிராணி உத்தியோகம் பார்த்தவனின் மண்டைக்கனம் என்றுதான் இன்றைக்கு அதைச் சொல்வேன். விலை குறைந்த கோட்டால்தான் இந்தக் கேடு, விலை உயர்ந்தது வாங்கினால் தீர்ந்துவிடும் என்று முடிவுகட்டினேன்.

ஈப்போவில் மலையேறுபவர்களுக்கான ஒரு கடையில் 459 வெள்ளிக்கு மூன்றாவது கோட்டை வாங்கினேன். சீட்டில் இரண்டு எண்கள் இருந்தன: 20,000 மில்லிமீட்டர், 10,000 கிராம். விற்பனை செய்த பிள்ளை முதல் எண்ணை மட்டும் பெருமையாகச் சொன்னார். அது துணியின்மேல் எவ்வளவு உயரத் தண்ணீர் அழுத்தினால் மறுபக்கம் துளி எட்டிப் பார்க்கும் என்ற அளவு. நின்றபடி வேலை செய்பவருக்கு அதில் பாதியே தாராளம். முழங்காலிட்டு அல்லது ஈரத்தில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கும், தோளில் பாரம் சுமப்பவருக்கும்தான் அழுத்தம் கூடுவதால் பெரிய எண் உதவும். நான் கேட்டிருக்க வேண்டியது இரண்டாவது எண்ணைப் பற்றி. ஒரு சதுர மீட்டர் துணி வழியே ஒரு நாளில் எத்தனை கிராம் நீராவி வெளியேறும் என்பதை அது சொல்கிறது. 10,000 என்பது கேட்பதற்குப் பெரிதாக இருக்கிறது. 24ஆல் வகுத்தால் மணிக்கு 416 கிராம், அதுவும் ஆய்வுக்கூடத்தில் அதற்கேற்ற சூழலில். வெக்கையில் கடும் வேலை செய்யும் ஆள் மணிக்கு ஒரு லிட்டர் அளவுக்கு வியர்ப்பது சாதாரணம். இந்த ஒரு வகுத்தல் கணக்கைக் கடையிலேயே போட்டிருந்தால் 459 வெள்ளி என் பையில் இருந்திருக்கும். வாழ்நாளெல்லாம் கணக்குப் பார்த்த எனக்கு அன்று அது தோன்றவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஆவியை வெளியேவிடும் சவ்வு வைத்த உடை, உள்ளே ஈரம் மிகுந்தும் வெளியே குறைந்தும் இருக்கும்போதுதான் நன்றாக வேலை செய்யும். குளிர்நாட்டில் வெளிக்காற்றில் உள்ள நீராவி சொற்பம், ஆகவே உள்ளே இருப்பது தானாக வெளியே ஓடும். நம் செம்பனைக் காட்டில், மழை நேரத்தில், வெளிக்காற்றே நீராவி நிறைந்து நிற்கிறது; தள்ளிவிடும் வேகம் குறைந்துபோகிறது. ஐரோப்பாவில் மழை வேலையுடைக்கு ஈஎன் 343 என்றொரு தரநிலை வைத்திருக்கிறார்கள். உடையின் சீட்டில் குடைப் படத்தோடு சில எண்கள் இருக்கும். ஒன்று தண்ணீரைத் தடுக்கும் தரம், மற்றது ஆவியை விடும் தரம். மூன்று தரங்கள் வைத்திருந்த அதன் முந்தைய பதிப்பு, ஆவி விடுவதில் கடைசித் தரமான உடையை 25 டிகிரி வெப்பத்தில் 60 நிமிடத்துக்குமேல் தொடர்ந்து போட வேண்டாம் என்று பரிந்துரைத்தது. நானோ நம் ஊர் வெக்கையில், அதைவிடக் கடினமான வேலையில், இரண்டரை மணி நேரம் பிவிசிக்குள் இருந்திருக்கிறேன். இதைப் படித்த அன்று டாக்டர் சொன்னது முழுவதும் விளங்கிற்று. 

459 வெள்ளிக் கோட்டு முதல் வாரம் பிவிசியைவிட நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. இரண்டாவது வாரம் இடது தோளில் முள் இழுத்து விரல்நீளக் கிழிசல். மலைப்பாதையில் நடப்பவருக்காக நெய்த மெல்லிய நைலான், செம்பனை முள்ளை அது கண்டதில்லை. மூன்றாவது வாரம் சேறும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறிவிட்டதால் மனைவி அதை மற்றத் துணிகளோடு சேர்த்து, வாசனைத் துணி மென்மைத் திரவமும் ஊற்றித் துவைத்தார். அதன்பிறகு மழைத்துளி உருண்டு ஓடாமல் மேல்துணியில் ஊறி நின்றது. தண்ணீர் உள்ளே வந்துவிடவில்லை. ஆனால் மேல்துணி நனைந்து ஊறினால் ஆவி போகும் வழியும் அடைபடும், ஈரத்துணி போல உடம்பில் ஒட்டும். இப்படிப்பட்ட உடையை மென்மைத் திரவம் இல்லாமல், சோப்பு எச்சம் தங்காமல் நன்றாக அலசித் துவைக்க வேண்டும், நீரை உருட்டிவிடும் பூச்சை அவ்வப்போது புதுப்பிக்கவும் வேண்டும் என்று சீட்டின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. அடுத்த ஆண்டு நடுவில் எடுத்துப் பார்த்தபோது தையலின்மேல் ஒட்டியிருந்த நாடா உரிந்து, உள்பூச்சு பிசுபிசுத்துப் பொருக்குத் தட்டியிருந்தது. தகரக் கூரைக்கு அடியில் ஈரம் காயாமல் மடித்து வைத்தது என் தவறு; பாலியூரித்தேன் பூச்சு வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் தானாகவே சிதையும் இயல்புடையது. இப்போது அது தண்ணீர் இறைக்கும் இயந்திரத்துக்குப் போர்வையாக இருக்கிறது.

இவ்வளவுக்கும் நாங்கள் இருப்பது கோலகங்சாருக்குப் பக்கத்தில். 1877இல் கொண்டுவந்து நட்ட கித்தா மரங்களில் ஒன்று இன்றும் அங்கே வேலி போட்டு நிற்கிறது. அதற்கு முன்பே, 1823இல், சார்ல்ஸ் மெக்கிண்டாஷ் என்பவர் ரப்பரை நாப்தா என்னும் கரைப்பானில் கரைத்து இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி மழைத்துணிக்குக் காப்புரிமை பெற்றார். அதைப் போட்டவர்களும் உள்ளே வியர்த்துக் கொட்டுகிறது என்றுதான் குறைபட்டார்களாம். குளிர்நாட்டுக்காரர்களுக்கே அப்படி என்றால் நமக்குக் கேட்கவா வேண்டும்.

கடைசியில் அக்காவிடமே போய்க் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, அது பெரிய மனசு. என்னைத் தம் தோட்டத்துக்கு அழைத்துப்போய், மகன் வெட்டுவதைப் பார்க்கச் சொன்னார். தண்ணீர் எங்கிருந்து உள்ளே வருகிறது என்பதை நான் அதுவரை நின்று கவனித்ததே இல்லை. துணி வழியாக வருவது மிகக் குறைவு. கழியை உயர்த்திப் பிடிக்கும்போது அலுமினியத்தின்மேல் வழியும் நீர் நேராக மணிக்கட்டுக்கு வந்து, சட்டைக் கைக்குள் நுழைந்து, அக்குள்வரை ஓடுகிறது. அண்ணாந்து பார்க்கும்போது கழுத்து வழியாக இறங்குகிறது. கையைத் தூக்கினால் கோட்டு மேலே ஏறி இடுப்பு வெளியே தெரிகிறது. மகன் கழியில், கை பிடிக்கும் இடத்துக்கு ஒரு சாண் மேலே, பழைய துண்டுத் துணியை இறுக்கிச் சுற்றியிருந்தார். வழிந்து வரும் நீர் அந்த முடிச்சில் தடுக்கி அங்கேயே சொட்டி விழுந்தது. காசு செலவில்லாத அந்த முடிச்சு என் 459 வெள்ளிக் கோட்டின் கைப்பட்டையைவிட நன்றாக வேலை செய்தது. குல்லாவை அவர் போடுவதே இல்லை. அது பக்கப் பார்வையை மறைக்கும், அண்ணாந்தால் கண்ணில் சரியும், விழும் குலை எந்தப் பக்கம் வருகிறது என்று தெரியாமல் போகும். இருபது, இருபத்தைந்து கிலோ தலைக்கு மேலிருந்து வரும்போது நனையாமல் இருப்பதைவிடப் பார்ப்பதுதான் முக்கியம். தலைக்கவசத்தின் பின்புறம் கழுத்தை மறைக்கும் துணித் தொங்கலும், கழுத்தில் ஒரு துண்டும் போதுமென்றார். அந்தத் துண்டு நனைந்ததும் பிழிந்து மறுபடி சுற்றிக்கொள்கிறார்.

நான்காவது கோட்டை, பக்கத்துத் தோட்டத்து அக்காவின் மகன் சொன்ன வழியில், பந்தாய் ரெமிஸ் மீன்பிடிச் சாமான் கடையில் வாங்கினேன். அங்கும் தடித்த பிவிசிதான் முன்னால் தொங்கியது. உள்ளே கேட்டால், பின்னல் துணியின்மேல் பாலியூரித்தேன் பூசி, கொஞ்சம் இழுபடும்படியான, தையலை உருக்கி ஒட்டிய மேல்கோட்டு மட்டும் 115 வெள்ளிக்குக் கொடுத்தார்கள். தராசில் 480 கிராம். கடையிலேயே கழி பிடிப்பது போல இரு கையையும் தலைக்கு மேலே தூக்கிப் பார்த்தேன், குனிந்து குலை தூக்குவது போலச் செய்து பார்த்தேன், குந்தி உட்கார்ந்தேன். கடைப் பையன் வேடிக்கை பார்த்தான், பார்க்கட்டும். கையைத் தூக்கியபோது ஓரம் இடுப்புக்குக் கீழே நிற்க வேண்டும் என்பதற்காக என் அளவைவிட ஒன்று பெரியதாக எடுத்தேன். தளர்வாக இருந்தால் ஒவ்வோர் அசைவிலும் காற்று உள்ளே போய்வரும், அதுவும் ஒரு லாபம். முதுகில் தோளுக்குக் கீழே ஒரு மடிப்பும் அதற்கு அடியில் வலைத்துணியும் உள்ளதையே தேடினேன். அக்குளில் காற்றுத்துளை வைத்தவையும் இருந்தன, ஆனால் கையைத் தூக்கியே வேலை செய்பவனுக்கு அக்குள் மேலே பார்த்து நிற்கும், மழை நேராக அதில் இறங்கும். புல் வெட்டுபவருக்கும் உரம் போடுபவருக்கும் அந்தத் துளை நல்லது. ஜிப்பின்மேல் மூடும் பட்டை அகலமாக, இரண்டு ஓரமும் ஒட்டுவதாக இருக்க வேண்டும். ஜிப்பு பிளாஸ்டிக்காக இருந்தால் துருப்பிடிக்காது. வீட்டுக்கு வந்ததும் கோட்டை உள்பக்கம் வெளியே திருப்பி, தோள்தையலையும் குல்லாவையும் தொட்டி போலப் பிடித்துத் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் தொங்கவிட்டேன். அடிப்பக்கம் சொட்டினால் மறுநாளே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று ரசீதையும் வைத்திருந்தேன். சொட்டவில்லை.

கால்சட்டை வாங்கவில்லை. அக்கா சொன்னதுதான் சரி. நம் மழை காலைக் குளிரவைக்கிறதே தவிர நோகவைப்பதில்லை. பெரிய தசையெல்லாம் இருக்கும் தொடையைப் பிளாஸ்டிக்கில் அடைத்தால்தான் சூடு தேங்குகிறது. சீக்கிரம் காயும் மெல்லிய பாலியெஸ்டர் கால்சட்டை போடுகிறேன். ஜீன்ஸ் நனைந்தால் கல் கட்டியது போலாகும், தொடை உரசிப் புண்ணாகும். காலில் கீறல் இருந்தால் மட்டும் கட்டுப்போட்டு, நீளப் பூட்சு இல்லாமல் இறங்குவதில்லை. எலிச் சிறுநீர் கலந்த நீரால் வரும் காய்ச்சலைப் பற்றி டாக்டர் அன்றே எச்சரித்திருந்தார். வேலை முடிந்து மோட்டாரில் திரும்பும்போதுதான் நிலைமை மாறுகிறது: உடம்பு வேலை செய்யாது, காற்று அடிக்கும், நனைந்த துணி நடுங்கவைக்கும். அதற்கென்று ஒரு சாதாரண மழைக் கால்சட்டையும், பிளாஸ்டிக் பையில் கட்டிய மாற்றுச் சட்டையும் இருக்கைக்கு அடியில் வைத்திருக்கிறேன். 38 வெள்ளி பிவிசியின் கீழ்ப்பாதி அதற்குத்தான் பயன்படுகிறது. தொலைபேசி இப்போது வாய் இறுக்கும் பையில், கழுத்துக் கயிற்றில். எந்தக் கோட்டு போட்டிருந்தாலும் ஒரு மணிக்கு ஒருமுறை திறந்துவிட்டு, உப்பும் சீனியும் கரைத்த தண்ணீர் குடித்து, பத்து நிமிடம் காற்றாட உட்கார்கிறேன். மழையில் தாகம் எடுப்பது தெரியாது, ஆகவே கடிகாரத்தைப் பார்த்துத்தான் குடிக்க வேண்டியிருக்கிறது.

மின்னல் அடித்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. முப்பது அடி அலுமினியக் கழியை உயர்த்திப் பிடித்தவனுக்கு எந்தக் கோட்டும் காவல் இல்லை. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே முப்பது எண்ணுவதற்குள் சத்தம் வந்துவிட்டால் கழியைப் படுக்கவைத்துவிட்டு, மரத்தடியில் ஒதுங்காமல், வேனுக்குள்ளோ வீட்டுக்குள்ளோ போய்விட வேண்டும்; கடைசி இடி கேட்டு அரை மணி கழித்துத்தான் திரும்ப வேண்டும். லோரி போனால் போகட்டும். இதை நான் சொல்வது 600 வெள்ளியை ஒருமுறை இழந்தவன் என்ற முறையில்.

நான் சொந்த நிலத்தில் வேலை செய்வதால் எல்லாம் என் காசு. தோட்டத்திலோ குத்தகையாளரிடமோ வேலை செய்பவர்கள் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ளலாம்: 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி, அந்தச் சட்டத்துக்கு இணங்கத் தொழிலாளியின் பாதுகாப்புக்காகக் கொடுக்கும் பொருளுக்கு முதலாளி அவரிடம் பணம் பிடிக்கக் கூடாது. கோட்டு கொடுக்கும் இடத்தில், முள்ளும் வெக்கையும் தாங்குவதைக் கொடுங்கள் என்று கேட்பதில் தவறில்லை. மொத்தமாக வாங்குபவர்கள் பெரும்பாலும் கையில் எடுப்பது அந்த மஞ்சள் ஜோடியைத்தான்.

சரியான கோட்டுக்கு வந்து சேர்வதற்குள் கோட்டு, கிளினிக்கு, தொலைபேசி, போன குலை எல்லாம் சேர்த்து 1,489 வெள்ளி செலவாகியிருந்தது. 115 வெள்ளிக் கோட்டு இப்போது இரண்டு மழைக்காலம் கண்டுவிட்டது. ஒவ்வொரு நாளும் வெறும் தண்ணீரில் அலசி, உள்பக்கம் வெளியே தெரியும்படி நிழலில் அகலத் தொங்கவிடுகிறேன். வெயிலில் போட்டால் பூச்சு வெடிக்கும், மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். வலது தோளில் முள் கிழித்த இரண்டு இடத்தில் மிதிவண்டி ட்யூபுக்கு ஒட்டும் ஒட்டைப் போட்டிருக்கிறேன், ஒன்று ஓரம் தூக்கிக்கொண்டு வருகிறது. அடுத்த அக்டோபருக்குமுன் பந்தாய் ரெமிஸுக்கு இன்னொரு முறை போக வேண்டும். அக்காவுக்கும் ஒன்று வாங்கிவர அளவு கேட்டேன். பாதி உடம்புக்கு வெட்டித்தான் போடப்போகிறார், ஆகவே நீளம் முக்கியமில்லை, கை மட்டும் தொளதொளவென்று இருக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்.